ப்ரைவேட் லைசென்ஸுக்கு மேல் சொல்லித்தர: அமெரிக்காவில் சிஎஃப்ஐ, சிஎஃப்ஐஐ, எம்இஐ வாங்கும் வழி

அமெரிக்காவில் கமர்ஷியல் லைசென்ஸ் வாங்கும் நேரத்தில் ஒரு பைலட்டின் லாக்புக்கில் ஏறக்குறைய 250 மணி நேரம் இருக்கும். ஏர்லைனில் சேர 1500 மணி வேண்டும். விமானவியல் பட்டப்படிப்பு முடித்தவர்களுக்கு அது 1000 வரை குறையும். 2009 பிப்ரவரியில் பஃபலோ அருகே கோல்கன் ஏர் 3407 விழுந்த பிறகு, 2010இல் காங்கிரஸ் சட்டம் இயற்ற, 2013இல் நடைமுறைக்கு வந்த விதி இது. (அந்த விமானத்தை ஓட்டிய இருவரிடமுமே 1500 மணிக்கு மேல் இருந்தது என்பதை ஹாங்கர் பேச்சில் யாராவது நினைவுபடுத்தாமல் இருக்க மாட்டார்கள். அது தனிக் கதை.)

நடுவில் உள்ள ஆயிரத்துச் சொச்சம் மணியைச் சேர்க்கப் பெரும்பாலானோர் தேர்ந்தெடுப்பது இன்ஸ்ட்ரக்டர் வேலை. சிஎஃப்ஐ (பறப்பு இன்ஸ்ட்ரக்டர் சான்றிதழ்) வாங்கி, ப்ரைவேட் லைசென்ஸ் மாணவர்களோடு ரன்வேயைச் சுற்றிச் சுற்றி வந்தாலே மணி ஏறும். இந்தக் கட்டுரை அதைத் தாண்டிப் போக நினைப்பவர்களுக்கு: கமர்ஷியல், இன்ஸ்ட்ருமென்ட் (வெளியே பார்க்காமல் கருவிகளை வைத்துப் பறப்பது; அதற்கு சிஎஃப்ஐஐ), மல்டி இன்ஜின் (அதற்கு எம்இஐ) என்று மேல்நிலைப் பயிற்சி கொடுக்கவும், ஒருநாள் புதிய இன்ஸ்ட்ரக்டர்களையே உருவாக்கவும் ஆசைப்படுகிறவர்களுக்கு.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தத் தேர்வுகள் எதிலும் உங்கள் பறக்கும் திறமை முக்கியக் கேள்வி அல்ல. அது இருப்பதாகவே எடுத்துக்கொள்வார்கள். மாணவர் செய்யும் தவறு எங்கே தொடங்குகிறது என்று பார்க்கத் தெரிகிறதா, அதை எவ்வளவு தூரம் போகவிடலாம் என்று தெரிகிறதா, இவைதான் கேள்வி. பயிற்சி மேல்நிலைக்குப் போகப் போக அந்தத் தூரம் சுருங்கிக்கொண்டே வரும்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

வயது 18. ஆங்கிலம் பேச, படிக்க, எழுத, புரிந்துகொள்ளத் தெரிய வேண்டும். கமர்ஷியல் அல்லது ஏடிபி (ஏர்லைன் பைலட்) சான்றிதழ், அதோடு இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங். எந்த வகை விமானத்தில் சொல்லித்தரப் போகிறீர்களோ அந்த வகையில் குறைந்தது 15 மணி நேரம் பைலட் இன் கமாண்டாக (விமானத்துக்குப் பொறுப்பான பைலட்டாக) பறந்திருக்க வேண்டும். சிங்கிள் இன்ஜினில் இது யாருக்கும் பிரச்சினையாக இருக்காது. மல்டியில் இது உங்கள் பர்ஸைப் பதம் பார்க்கும். அதைப் பிறகு பார்ப்போம்.

மெடிக்கல் (உடல்தகுதிச் சான்று) விஷயத்தில் பலருக்குக் குழப்பம் உண்டு. சம்பளம் வாங்கிச் சொல்லித்தந்தாலும், பைலட் இன் கமாண்டாக இருக்கும் இன்ஸ்ட்ரக்டருக்கு மூன்றாம் வகுப்பு மெடிக்கல் போதும். அதற்கு மாற்றான எளிய பேசிக்மெட் இருந்தாலும் சரி. மாணவரே லைசென்ஸும் தகுதியும் உள்ளவராக இருந்து, அவரே கமாண்டராகப் பறந்தால், சில சூழல்களில் உங்களுக்கு மெடிக்கலே தேவைப்படாது. ஓய்வுபெற்ற மூத்த பைலட்டுகள் பலர் மேல்நிலைப் பயிற்சி மட்டும் கொடுப்பது இப்படித்தான்.

வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் பள்ளியில் சேரும் முன்பே விசாவைப் பற்றி யோசிக்க வேண்டும். எம்-1 விசாவில் படித்தால், நான்கு மாதப் படிப்புக்கு ஒரு மாதம் என்ற கணக்கில், அதிகபட்சம் ஆறு மாதம்தான் பயிற்சி வேலை பார்க்க முடியும். எஃப்-1 விசாவில் பல்கலைக்கழகம் வழியாக வந்தால் ஓபிடி என்ற வேலை அனுமதி 12 மாதம் கிடைக்கும். சிஎஃப்ஐ ஆகி மணி சேர்ப்பதுதான் திட்டம் என்றால் இந்த வித்தியாசம் பெரியது. அப்புறம், இந்தியா திரும்பிச் சொல்லித்தர நினைப்பவர்களுக்கு: எஃப்ஏஏ (அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம்) தரும் சிஎஃப்ஐ அங்கே தானாகச் செல்லாது. இந்திய விமானப் போக்குவரத்து ஆணையமான டிஜிசிஏவின் ஏஎஃப்ஐஆர் (உதவி இன்ஸ்ட்ரக்டர்), எஃப்ஐஆர் (இன்ஸ்ட்ரக்டர்) ரேட்டிங்குகளை அதன் விதிப்படி தனியாக வாங்க வேண்டும்.

எழுத்துத் தேர்வுகள்

முதல் சிஎஃப்ஐக்கு இரண்டு உண்டு. ஒன்று, சுருக்கமாக எஃப்ஓஐ என்று சொல்லப்படும் கற்பித்தல் அடிப்படைகள், 50 கேள்வி. இன்னொன்று விமானப் பாடங்கள், 100 கேள்வி. சிஎஃப்ஐஐக்கு இன்னும் ஒரு தேர்வு, 50 கேள்வி. எம்இஐக்குத் தனி எழுத்துத் தேர்வு இல்லை. எல்லாவற்றுக்கும் 70 மதிப்பெண் எடுத்தால் தேர்ச்சி. முடிவு 24 மாதம் செல்லும்.

எஃப்ஓஐ என்றாலே பைலட்டுகள் முகம் சுளிப்பார்கள். தார்ன்டைக்கின் கற்றல் விதிகள், மாஸ்லோவின் தேவைப் படிகள், மாணவர் தன்னைக் காத்துக்கொள்ள எடுக்கும் மனத் தடுப்புகள் என்று கல்லூரி உளவியல் பாடம் மாதிரி இருக்கும். மனப்பாடம் செய்து எழுதிவிட்டு மறந்துவிடுகிறவர்களே அதிகம். ஆனால் அதிலுள்ள இரண்டு விஷயங்கள் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே கைகொடுக்கும். ஒன்று, முதலில் கற்றது ஆழப் பதியும் என்ற விதி. மூக்கை இடவலமாகத் திருப்பும் ரட்டரைத் தப்பாக மிதிக்கப் பழகிவிட்ட மாணவரைத் திருத்துவது, புதிதாகச் சொல்லித்தருவதைவிடப் பலமடங்கு கஷ்டம். இன்னொன்று, கற்றலின் நான்கு நிலை: ஒப்பிப்பது, புரிந்துகொள்வது, செய்துகாட்டுவது, ஒன்றோடொன்று பொருத்திப் பார்ப்பது. மேல்நிலை மாணவர்கள் பெரும்பாலும் ஒப்பிக்கும் நிலையில் சரளமாகப் பேசி உங்களை ஏமாற்றிவிடுவார்கள்.

ஏதாவது ஒரு மாநிலத்தில் ஏழாம் வகுப்புக்கு மேல் பாடம் நடத்தும் ஆசிரியர் சான்றிதழ் வைத்திருப்பவர்களுக்கு எஃப்ஓஐ விலக்கு உண்டு. மற்றவர்களுக்கு ஒரு யோசனை: எஃப்ஓஐ எழுதும் நேரத்திலேயே அட்வான்ஸ்டு கிரவுண்ட் இன்ஸ்ட்ரக்டர் தேர்வையும் எழுதிவிடுங்கள். பாடம் ஏறக்குறைய ஒன்றுதான், பறப்புத் தேர்வும் கிடையாது. வகுப்பறைப் பாடம் நடத்தும் தகுதி உடனே கிடைத்துவிடும். பின்னாளில், நிறைய மாணவர்களைத் தேறவைத்தவர்களுக்குத் தரப்படும் கோல்டு சீல் சிஎஃப்ஐ வாங்கவும் கிரவுண்ட் இன்ஸ்ட்ரக்டர் சான்றிதழ் வேண்டியிருக்கும்.

வலது இருக்கை

இத்தனை நாள் இடது பக்கம் உட்கார்ந்து ஓட்டிய விமானத்தை இனி வலது பக்கத்திலிருந்து ஓட்ட வேண்டும். த்ராட்டில் இடது கைக்கு வருகிறது, யோக் (விமானத்தை ஓட்டும் கைப்பிடி) வலது கைக்குப் போகிறது. பழைய டயல் காக்பிட்டில் வேகமானி தூரத்தில் சாய்ந்து தெரியும். தரையிறங்கும்போது கவுலிங் (இன்ஜின் மூடி) தெரியும் கோணமே மாறிவிடுவதால், மூக்கு ரன்வேக்கு நேராக இருப்பதாக நினைத்துக் கோணலாகத் தொடுவார்கள். ஓரளவு பறந்ததும் இது பழகிவிடும். பழகாமல் இழுப்பது, பறந்துகொண்டே பேசுவது.

எஃப்ஏஏ சொல்லும் முறை நான்கு கட்டம். இன்ஸ்ட்ரக்டர் சொல்லிக்கொண்டே செய்துகாட்டுவார். அடுத்து மாணவர் சொல்ல, இன்ஸ்ட்ரக்டர் செய்வார். பிறகு மாணவரே சொல்லிக்கொண்டு செய்வார். கடைசியில் மாணவர் செய்வார், இன்ஸ்ட்ரக்டர் மதிப்பிடுவார். இதில் எல்லோரும் தாண்டிக் குதிப்பது இரண்டாவது கட்டத்தை. கை வேலை இல்லாமல் மாணவர் வாயால் மட்டும் ஓட்டும் அந்த நிமிடத்தில்தான் அவருக்கு எது புரியவில்லை என்பது வெளியே வரும்.

ஷாண்டெல் என்ற மெனூவரை எடுத்துக்கொள்வோம். 180 டிகிரி ஏறுதிருப்பம். முதல் 90 டிகிரியில் சாய்வு மாறாது, மூக்கு மெல்ல ஏறும். அடுத்த 90இல் மூக்கின் உயரம் மாறாது, சாய்வு மெல்லக் குறையும். முடியும்போது ஸ்டாலுக்கு, அதாவது இறக்கை தூக்குவிசையை இழக்கும் நிலைக்கு, சற்று மேலான வேகம். உங்களுக்குச் செய்யத் தெரியும். அதைச் செய்துகொண்டே, ‘இப்போது வலது ரட்டர் ஏன் கூடுகிறது’ என்று மூச்சு வாங்காமல் சொல்ல முடிகிறதா? தரையிலுள்ள இரண்டு அடையாளங்களை (பைலான்) எட்டு வடிவில் சுற்றும் எய்ட்ஸ் ஆன் பைலான்ஸ் செய்யும்போது, பைலான் இறக்கை நுனியிலேயே நிற்கும் பிவோட்டல் உயரம் தரைவேகத்தைப் பொறுத்தது, நாட்டில் வேகத்தை வர்க்கப்படுத்தி 11.3ஆல் வகுத்தால் அடியில் உயரம் வரும், 100 நாட் என்றால் சுமார் 885 அடி என்று தரையில் சொல்லிவிடலாம். காற்றடிக்கும் நாளில், பைலான் இறக்கையைவிட்டு நழுவும்போது, மாணவர் ரட்டரால் இழுத்துப் பிடிக்கப் பார்க்கிறார் என்பதை அவர் காலைப் பார்க்காமலே கண்டுபிடிக்க வேண்டும்.

எல்லாவற்றையும் வாய்விட்டுப் பேசிப் பதிவுசெய்து கேளுங்கள். கேட்கக் கூச்சமாக இருக்கும். பரவாயில்லை.

ஸ்பின் எண்டார்ஸ்மென்ட்

விமானம், கிளைடர் இன்ஸ்ட்ரக்டர் ஆக விரும்புபவர்கள் மட்டும் கட்டாயம் செய்ய வேண்டியது ஸ்பின் பயிற்சி. ஸ்டாலாகிச் சுழன்றுகொண்டே விழும் ஸ்பின்னுக்குள் போய், மீண்டு வந்து, அதைச் சொல்லித்தரத் தகுதி உண்டு என்று ஒரு இன்ஸ்ட்ரக்டர் லாக்புக்கில் கையெழுத்து (எண்டார்ஸ்மென்ட்) போட வேண்டும். எல்லா விமானமும் இதற்கு ஆகாது. பைப்பர் ஆர்ச்சரில் வேண்டுமென்றே ஸ்பின் செய்யத் தடை. செஸ்னா 172இல் யுடிலிட்டி வகை எடை வரம்புக்குள் செய்யலாம். சிட்டாப்ரியா, டெகாத்லான் கிடைத்தால் இன்னும் நல்லது.

மீளும் வரிசை எல்லோருக்கும் தெரிந்ததே: பவரைக் குறை, எய்லரானை நடுவில் வை, எதிர்ப்பக்க ரட்டரை முழுதாக மிதி, யோக்கை முன்னால் தள்ளு. சில பள்ளிகளில் இரண்டு ஸ்பின் செய்துவிட்டுக் கையெழுத்து வாங்கி முடித்துவிடுகிறார்கள். அது போதாது என்பது என் கருத்து. ஸ்டால் பயிற்சியில் பயந்துபோன மாணவர் இரண்டு காலையும் ரட்டரில் பூட்டிக்கொண்டு யோக்கை மார்போடு இழுத்துப் பிடிக்கும்போது, நீங்கள் யோசிக்காமலே செயல்பட வேண்டும். அந்த அளவு பழகும்வரை செய்யுங்கள். செக்ரைடில், அதாவது எக்ஸாமினரோடு செய்யும் செய்முறைத் தேர்வில், ஸ்டால், ஸ்பின் பகுதியில் தவறினால் மறுதேர்வில் எக்ஸாமினருக்கு விமானத்திலேயே செய்துகாட்ட வேண்டிவரும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

முதல் செக்ரைடு

வாய்மொழித் தேர்வு மட்டுமே அரை நாளைத் தாண்டலாம். 2024 மே இறுதியிலிருந்து பழைய தேர்வு நெறிகளுக்குப் பதிலாக ஏசிஎஸ் என்ற புதிய தரநூல் நடைமுறையில் உள்ளது. இணையத்தில் கிடக்கும் பழைய குறிப்புகளை நம்பித் தயாராகாதீர்கள். அதேபோல் மடக்கும் சக்கரம் உள்ள காம்ப்ளெக்ஸ் விமானம் கொண்டுவர வேண்டும் என்ற நிபந்தனையை 2018இல் எடுத்துவிட்டார்கள். ஆனாலும் கமர்ஷியல் மாணவர்களுக்குச் சொல்லித்தர நினைப்பவர் காம்ப்ளெக்ஸ், 200 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட ஹை பெர்ஃபார்மன்ஸ், டெயில்வீல் எண்டார்ஸ்மென்ட்டுகளை வாங்கி வைத்திருப்பது நல்லது. உங்களிடம் இல்லாததை மாணவருக்குத் தர முடியாது.

எக்ஸாமினர் மாணவராக நடிப்பார். நீங்கள் பலகையில் படம் போட்டுக் காற்றியக்கவியலை ஒப்பித்துக்கொண்டே போனால், ‘எனக்குப் புரியவில்லை’ என்பார். அப்போது அதையே சத்தமாகத் திரும்பச் சொல்பவர்கள்தான் திணறுகிறார்கள். வேறு வாசலால் நுழையத் தெரிய வேண்டும்.

பலர் சறுக்கும் இன்னொரு இடம் காகிதம். மாணவரைத் தனியாகப் பறக்க (சோலோ) அனுப்ப என்னென்ன எண்டார்ஸ்மென்ட், விமானத்துக்கு 100 மணி நேர ஆய்வு எப்போது தேவை, இன்ஸ்ட்ரக்டர் எவ்வளவு காலம் பதிவேடு வைத்திருக்க வேண்டும் (மூன்று ஆண்டு), 24 மணி நேரத்துக்குள் எட்டு மணிக்கு மேல் பறப்புப் பயிற்சி தரக்கூடாது என்பதெல்லாம் வரும். எண்டார்ஸ்மென்ட் வாசகங்கள் ஏசி 61-65 என்ற சுற்றறிக்கையில் அப்படியே இருக்கின்றன. மனப்பாடம் தேவையில்லை, தேடி எடுக்கத் தெரிந்தால் போதும். மாணவரின் குடியுரிமையைச் சரிபார்ப்பதும், வெளிநாட்டவர் என்றால் டிஎஸ்ஏ (போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம்) அனுமதி இருக்கிறதா என்று பார்ப்பதும் உங்கள் பொறுப்பில் சேரும். இன்ஸ்ட்ருமென்ட், மல்டி பயிற்சி தொடங்கும் முன் இதை மறந்தால் சிக்கல்.

தேர்வு எடுக்கும் எக்ஸாமினர் கட்டணம் ஊருக்கு ஊர் வேறுபடும். முதல் சிஎஃப்ஐக்கு 1000 டாலரை எளிதாகத் தாண்டும். தேர்ச்சி பெறாவிட்டால் தவறிய பகுதிக்கு மட்டும் மறுபயிற்சி எடுத்து, 60 நாளுக்குள் திரும்பி வந்தால், தேறிய பகுதிகளைக் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள்.

சிஎஃப்ஐஐ: மேகத்துக்குள் சொல்லித்தருவது

இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்குக்கான பயிற்சியைச் சாதாரண சிஎஃப்ஐ தர முடியாது. ப்ரைவேட் மாணவருக்குத் தேவையான மூன்று மணி நேரக் கருவிப் பறப்பை மட்டும் தரலாம். ரேட்டிங்குக்கு வேண்டிய 40 மணியில் குறைந்தது 15 மணி இன்ஸ்ட்ருமென்ட் இன்ஸ்ட்ரக்டரோடு இருக்க வேண்டும். மூன்று வித அப்ரோச் (கருவி வழிகாட்டலில் ரன்வேயை அணுகுவது) செய்யும் 250 கடல்மைல் நீண்ட பயணமும் அதில் அடக்கம். இந்தப் பயிற்சிக்கு ஆள் எப்போதும் தேவை. அதனால் முதல் சிஎஃப்ஐ முடிந்ததும் அடுத்து இதைத்தான் வாங்கச் சொல்வேன்.

செக்ரைடு முதலாவதைவிடச் சின்னது. ஹோல்டிங் (வானில் சுற்றிக் காத்திருப்பது), அப்ரோச்சுகள், கருவி செயலிழந்த நிலையில் பறப்பு, இவற்றை வலது பக்கத்திலிருந்து சொல்லிக்கொண்டே செய்ய வேண்டும். உண்மையான கஷ்டம் அதற்குப் பிறகு. மாணவர் வெளியே தெரியாமல் மறைக்கும் ஹூட் போட்டுக்கொண்டு பறக்கும்போது அவர் கண் எங்கே போகிறது என்று உங்களுக்குத் தெரியாது. ஒரே கருவியை முறைத்துக்கொண்டிருக்கிறாரா, ஒன்றை மறந்தேவிட்டாரா என்பதை விமானம் விலகும் விதத்தை வைத்து ஊகிக்க வேண்டும். உயரம் சரியாக நிற்க, திசை மட்டும் மெல்ல நழுவினால் ஆல்டிமீட்டரிலேயே கண் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

நிஜ மேகத்துக்குள் கூட்டிப்போகும் நாளில் ஐஎஃப்ஆர் (கருவிப் பறப்பு விதி) திட்டத்தின் கமாண்டர் நீங்கள்தான், ஏனென்றால் மாணவருக்கு ரேட்டிங் இன்னும் இல்லை. ஆகவே ஆறு மாதத்துக்குள் ஆறு அப்ரோச், ஹோல்டிங், ட்ராக்கிங் என்ற உங்கள் சொந்தக் கணக்கு தேதிக்குள் இருக்க வேண்டும். மாணவருக்கு அப்ரோச் சொல்லித்தந்தே வாழ்கிறவர்கள்கூட இதைக் கவனிக்காமல் விட்டுவிடுவதுண்டு.

எம்இஐ: பிழைக்கு இடம் குறைவு

எழுத்துத் தேர்வு இல்லை, செக்ரைடும் நீளம் குறைவு, ஆனால் மூன்றில் ஆபத்து அதிகமானது இதுதான். முதல் தடை 15 மணி மல்டி பைலட் இன் கமாண்ட் நேரம். பைப்பர் செமினோல், டயமண்ட் டிஏ42 போன்றவற்றின் வாடகை சிங்கிள் இன்ஜினைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் போகலாம். கமர்ஷியலுக்கான மணியில் ஒரு பகுதியை மல்டியில் திட்டமிட்டுச் சேர்த்தவர்கள் இங்கே தப்பிப்பார்கள். அது மட்டுமல்ல, எந்த மாடலில் சொல்லித்தருகிறீர்களோ அதே மாடலில் ஐந்து மணி கமாண்ட் நேரமும் வேண்டும். செமினோலில் எம்இஐ வாங்கிவிட்டு மறுநாளே டிஏ42இல் மாணவரை ஏற்ற முடியாது.

சொல்லித்தர வேண்டிய பாடங்களில் மையமானது விஎம்சி டெமோ. ஒரு இன்ஜின் போனபின் திசையைக் கட்டுப்படுத்த முடிகிற குறைந்தபட்ச வேகம்தான் விஎம்சி. ஒரு இன்ஜின் பவர் இல்லாமல் சுற்ற, இன்னொன்று முழு பவரில் இருக்க, வினாடிக்கு ஒரு நாட் வீதம் வேகத்தைக் குறைத்துக்கொண்டே போவது. திசை கைவிட்டுப் போகத் தொடங்கியதும், அல்லது ஸ்டால் அறிகுறி தெரிந்ததும், ஓடும் இன்ஜினின் பவரைக் குறைத்து மூக்கைத் தாழ்த்தி மீள வேண்டும். தரைக்கு மேல் 3000 அடிக்குக் கீழே இறங்காமல் மீட்சி முடிந்திருக்க வேண்டும்.

இங்கே புத்தகத்தில் ஒரு வரியாகக் கடந்துபோகும் விஷயம் ஒன்று இருக்கிறது. உயரம் ஏற ஏற, சாதாரண இன்ஜின்களின் பவர் குறைவதால் விஎம்சியும் குறையும். வேகமானி காட்டும் ஸ்டால் வேகம் அப்படிக் குறையாது. ஆக ஒரு உயரத்தில் இரண்டும் சந்திக்கும். அதற்கு மேலே போனால் திசைக் கட்டுப்பாடு போவதற்கு முன்பே ஸ்டால் வந்துவிடும். ஒரு பக்கம் முழு பவர் இருக்க ஸ்டால் ஆனால் அடுத்தது ஸ்பின். இந்த விமானங்களுக்கு ஸ்பின்னிலிருந்து மீளும் சான்றளிப்பு இல்லை. கோடை மதியத்தில், சூடான அரிசோனாக் காற்றில், பாதுகாப்புக்காக இன்னும் கொஞ்சம் உயரம் ஏறிச் செய்வோம் என்று நினைக்கும் இன்ஸ்ட்ரக்டர் இந்தச் சந்திப்புப் புள்ளியை நோக்கித்தான் ஏறுகிறார். அப்படிப்பட்ட நாளில் ரட்டரின் அசைவைக் காலால் தடுத்துப் பிடித்து, அதிக வேகத்திலேயே கட்டுப்பாடு இழக்கும் நிலையைக் காட்டிவிடலாம். மாணவர் பார்க்க வேண்டியதும் அதுவே.

இன்னொன்று, கிரிட்டிகல் இன்ஜின், அதாவது செயலிழந்தால் அதிகம் பாதிக்கும் இன்ஜின். இரண்டு ப்ரொப்பெல்லரும் ஒரே பக்கம், பைலட் பார்வையில் வலமாக, சுற்றும் விமானத்தில் இடது இன்ஜின் போனால் நிலைமை மோசம். செமினோலில் இரண்டும் எதிரெதிராகச் சுற்றுவதால் கிரிட்டிகல் இன்ஜின் என்று ஒன்று இல்லை. அதிலேயே படித்து அதிலேயே சொல்லித்தருபவர்கள் இந்தப் பாடத்தை அனுபவத்தில் கண்டிருக்கவே மாட்டார்கள். அதனால் காரணத்தைப் படம் போட்டு விளக்கும் அளவுக்காவது கரைத்துக் குடித்திருங்கள்.

இன்ஜின் செயலிழப்பை நடிக்கும்போது மிக்ஸ்சரையோ எரிபொருளையோ அடைப்பது போதுமான உயரத்தில் மட்டும். தாழ்வாக இருக்கும்போது த்ராட்டிலை மெல்ல இழுப்பதோடு நிறுத்துங்கள். உங்கள் கை த்ராட்டில் அருகில், கால் ரட்டர் மீது. மாணவர் தப்பான காலை மிதிக்க எடுத்துக்கொள்ளும் நேரம்தான் உங்களுக்கு உள்ள நேரம். கட்டுப்பாடு கைமாறும்போது ‘உன்னிடம்’, ‘என்னிடம்’, ‘உன்னிடம்’ என்று மூன்று முறை சொல்லும் பழக்கத்தை இங்கே ஒருமுறைகூட விடாதீர்கள்.

அதற்குப் பிறகு

2024 டிசம்பர் முதல் தேதியிலிருந்து வழங்கப்படும் இன்ஸ்ட்ரக்டர் சான்றிதழில் காலாவதித் தேதி இல்லை. ஆனால் 24 மாதத்துக்கு ஒருமுறை அண்மை அனுபவத்தைக் காட்ட வேண்டும். அந்தக் காலத்தில் குறைந்தது ஐந்து மாணவர்களைத் தேர்வுக்கு அனுப்பி, அவர்களில் 80 சதவீதம் பேர் முதல் முயற்சியிலேயே தேறியிருந்தால் அதுவே போதும். இல்லையென்றால் புத்தாக்க வகுப்பு ஒன்றை முடிக்கலாம். கிரவுண்ட் இன்ஸ்ட்ரக்டர் சான்றிதழோடு 24 மாதத்தில் பத்துப் பேரை அனுப்பி அதே 80 சதவீதத்தை எட்டினால் கோல்டு சீல்.

புதிய இன்ஸ்ட்ரக்டர்களை உருவாக்க விரும்பினால், நெடுங்காலமாக உள்ள வழி இதுதான்: சிஎஃப்ஐ ஆகி 24 மாதம் முடிந்திருக்க வேண்டும், 200 மணி நேரமாவது பறப்புப் பயிற்சி கொடுத்திருக்க வேண்டும். ஏர்லைன் அழைப்புக்காகக் காத்திருக்கும் இளைஞர்களில் பலர் அந்த 24 மாதம் முடியும் முன்பே கிளம்பிவிடுகிறார்கள். அதனால்தான் சிஎஃப்ஐ மாணவர்களைப் பயிற்றுவிக்கும் தகுதியுள்ளவர் பல பள்ளிகளில் ஓரிருவர் மட்டும். சிஎஃப்ஐ படிக்கப் பள்ளி தேடும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வியும் இதுவே: எனக்குச் சொல்லித்தரப் போகிறவர் யார், அவர் எத்தனை மாதம் இங்கே இருப்பார்?